காகித வளையமும் கணக்குப் பாடமும்

சாத்தாங்காடு என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரும்புதான். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில், சி.எம்.டி.ஏ. அமைத்த இரும்பு எஃகு அங்காடி அங்கேதான் இருக்கிறது. தகடு, கம்பி, ஆங்கிள், சேனல், பைப் என்று எது வேண்டுமானாலும் டன் கணக்கில் வாங்கலாம். ட்ரெய்லர் லாரிகள் சாலை ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும். தகடு வெட்டும் சத்தமும் வெல்டிங் வெளிச்சமும் பகலில் ஓயாது. அப்படிப்பட்ட ஊரையும் காகிதத்தை மடித்து வளையம் செய்யும் விளையாட்டையும் ஒரே கட்டுரையில் வைத்தால், "இதுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. ஆனால் அந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு மூன்று இடங்களில் மூன்று வேறு விஷயங்களாகக் காட்டப்படுகிறது. பட்டறையில் அது "தொழில்". கைவேலை பீரியடில் அது "பொம்மை". கணக்கு பீரியடில் அது "மனப்பாடம்". மூன்றும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. காகித மடிப்பைக் கைவேலை பீரியடிலிருந்து எடுத்துக் கணக்கு பீரியடுக்குள் வைத்தால் இந்தப் பிரிவினை பாதி சரியாகிவிடும். செலவு என்று பார்த்தால் அநேகமாக ஒன்றுமே இல்லை.

எட்டுத் துண்டு வளையம்

ஒரிகாமி என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது ஒரே சதுரத் தாளை வெட்டாமல், ஒட்டாமல் மடித்துச் செய்யும் கொக்கு, தவளை, படகு. அதில் இன்னொரு வகை உண்டு. ஒரே மாதிரியான சின்னச் சின்னத் துண்டுகளைப் பல தாள்களில் மடித்து, ஒன்றின் பைக்குள் இன்னொன்றின் நுனியைச் செருகி, பசை இல்லாமல் பெரிய உருவம் ஒன்றைக் கட்டுவது. இதற்கு மாடுலர் ஒரிகாமி என்று பெயர். வீடு கட்டச் செங்கல் போல இதற்குத் துண்டுகள். 1734-ல் ஜப்பானில் வெளிவந்த "ரன்மா சுஷிகி" என்ற புத்தகத்திலேயே இப்படிப் பல தாள்களால் ஆன கனசதுரத்தின் படம் இருக்கிறது. ஆகவே இது நேற்று முளைத்த பொழுதுபோக்கு இல்லை.

இந்த வகையில் மிகப் பிரபலமான ஒன்று எட்டுத் துண்டு வளையம். மேஜிக் கலைஞரும் இறையியல் பேராசிரியருமான ராபர்ட் நீல் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. அவரது பெயர் தெரியாமலே உலகம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். துண்டுகளை உள்ளே தள்ளினால் எட்டு முனை நட்சத்திரம். வெளியே இழுத்தால் நடுவில் எண்கோண ஓட்டையோடு ஒரு வளையம். தட்டு மாதிரி வீசினால் பறக்கவும் செய்யும்!

செய்முறை எளிது. ஒரு பக்கம் அச்சடித்து வீணான ஏ4 தாள் ஒன்று போதும். அதை மூன்று முறை பாதி பாதியாக மடித்துக் கிழித்தால் எட்டுச் செவ்வகம் கிடைக்கும். ஒவ்வொன்றும் 10.5 செ.மீ. நீளம், 7.4 செ.மீ. அகலம். நீளத்தில் மிஞ்சுவதை வெட்டிவிட்டால் 7.4 செ.மீ. பக்கமுள்ள எட்டுச் சதுரங்கள் கையில். ஒரே தாளில் ஒரு முழு வளையத்துக்கான சரக்கு வந்துவிட்டது.

இனி ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கே வேலை. முதலில் குறுக்கும் நெடுக்குமாகப் பாதி மடித்துப் பிரிக்க வேண்டும்; தாளின் நடுவில் கூட்டல் குறி மாதிரி கோடு விழும். இரண்டாவது, மேல் மூலைகள் இரண்டையும் மையப் புள்ளிக்கு மடிக்க வேண்டும். கூரை வீடு மாதிரி ஒரு வடிவம் வரும். மூன்றாவது, கூரை மடிப்புகள் உள்ளே போகும்படி அந்த வீட்டை நெட்டுவாக்கில் இரண்டாக மடிக்க வேண்டும். நான்காவது, மடித்த ஓரத்தின் அடி மூலையை இரண்டு அடுக்குக்கும் நடுவில் உள்ளே தள்ளிவிட வேண்டும். இப்போது கையில் இருப்பது ஓர் இணைகரம். ஒரு முனையில் அது கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும்.

அந்தக் கவட்டைக்கு நடுவில் அடுத்த துண்டைச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நுனிகளையும் அடுத்த துண்டின் உள்பக்கமாக மடித்துவிட்டால் பூட்டு விழுந்துவிடும். இப்படியே எட்டுத் துண்டு. எட்டாவது துண்டு முதல் துண்டைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் வளையம் மூடிக்கொள்ளும்.

ஏன் எட்டு?

கைவேலை பீரியட் இத்தோடு முடிந்துவிடும். "அழகா இருக்கு, கலர் பேப்பர்ல செஞ்சு சுவத்துல ஒட்டுங்க" என்பதோடு சரி. கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பதுதான் வேடிக்கை.

ஏன் எட்டுத் துண்டு? ஏழில் ஏன் மூடவில்லை? ஒன்பது ஏன் தேவைப்படவில்லை? பதில் அந்த இணைகரத்தில் இருக்கிறது. அதன் கூர்கோணம் 45 டிகிரி. சதுரத்தின் மூலையான 90 டிகிரியைச் சரிபாதியாக மடித்ததால் தானாக வந்த கோணம் அது; கோணமானி எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் பாதையை 45 டிகிரி திருப்புகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 360 டிகிரி வேண்டும். 360-ஐ 45-ஆல் வகுத்தால் 8. அவ்வளவுதான்! ஏழு துண்டு என்றால் 315 டிகிரி. 45 டிகிரி இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

"எந்தக் குவிந்த பலகோணத்திலும் வெளிக்கோணங்களின் கூடுதல் 360 பாகை" என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அதைப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்த மாணவன் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுவான். எட்டாவது துண்டை முதல் துண்டில் செருகிப் பார்த்த மாணவனுக்கு மறக்காது. ஏனென்றால் அவன் அந்த வரியைப் படிக்கவில்லை. கையால் சுற்றி வந்திருக்கிறான்.

இதற்குப் பிறகு கேள்விகள் தாமாகவே வரும். ஆறு துண்டில் வளையம் வேண்டுமென்றால்? ஒவ்வொன்றும் 60 டிகிரி திரும்ப வேண்டும். கோணமானி இல்லாமல் 60 டிகிரி எப்படி மடிப்பது? சதுரத்தை நெட்டுவாக்கில் பாதியாக மடித்து நடுக்கோடு போட்டுக்கொண்டு, கீழ் வலது மூலையை அந்த நடுக்கோட்டின் மேல் போய் உட்காரும்படி, கீழ் இடது மூலை வழியாக மடித்தால், அடிப்பக்கம் 60 டிகிரி திரும்பியிருக்கும். ஏன்? மூலையிலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள தூரம் சதுரத்தின் பக்கம். கிடைமட்டத் தூரம் அதில் பாதி. அங்கே ஒரு சமபக்க முக்கோணம் ஒளிந்துகொண்டிருக்கிறது. கொசைன் என்ற வார்த்தையைக் கேட்பதற்கு முன்பே அதன் பொருளைப் பிள்ளை தொட்டுவிடுகிறது.

ஒரு டிகிரி பிசகினால்

இந்த வளையத்தின் பெரிய குணம் வேறு. அது பொய் சொல்லாது.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு டிகிரி பிசகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டைத் தனியாக எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் எட்டுத் துண்டும் ஒரே பக்கம் பிசகியிருந்தால் கடைசியில் எட்டு டிகிரி. வளையம் மூடாது, மூடினாலும் அப்பளம் மாதிரி வளைந்து நிற்கும். சின்னப் பிசகுகள் எப்படிச் சேர்ந்து பெரிதாகின்றன என்பதைக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்குப் பல வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். இங்கே எட்டுச் சின்னத் தாள்கள் அதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகின்றன.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வழக்கமான கணக்கு வகுப்பில் விடை தவறு என்று சொல்வது யார்? ஆசிரியர். எதனால் சொல்வது? சிவப்பு மையால். பிள்ளைக்கு அதில் பயம், அவமானம், பக்கத்துப் பையனின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. கணக்கென்றாலே வயிற்றைக் கலக்கும் பழக்கம் பலருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. காகித வளையத்தில் தவறைச் சொல்வது வளையமே. எந்தத் துண்டு பிசகியது என்று தேடி, அதைப் பிரித்து, மறுபடி மடித்து, மறுபடி செருகினால் போதும். திட்டு இல்லை, மார்க் குறைப்பு இல்லை. "தப்பு" என்பது அங்கே ஒரு தீர்ப்பாக இல்லாமல், சரி செய்ய வேண்டிய ஒரு மடிப்பாக ஆகிவிடுகிறது. கணக்குப் பாடம் கொடுக்கத் தவறும் மிகப் பெரிய பாடம் இதுதான்.

பட்டறையில் அதே வளையம்

இப்போது சாத்தாங்காட்டுக்குத் திரும்பலாம். இரும்புத் தொழிலில் பெரிய விட்டமுள்ள தகட்டு வளையங்கள் தேவைப்படும். தொட்டிக்கு அடிவளையம், பெரிய குழாய்க்கு ஃபிளாஞ்ச் என்று பல இடங்களில். இரண்டு மீட்டர் வெளிவிட்டமும் 1.6 மீட்டர் உள்விட்டமும் கொண்ட வளையம் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மீட்டர் சதுரத் தகட்டிலிருந்து அதை அப்படியே வெட்டினால் என்ன ஆகும்? சதுரத்தின் பரப்பு 4 சதுர மீட்டர். வளையத்தின் பரப்பு சுமார் 1.13 சதுர மீட்டர்தான். நூற்றுக்கு 28 பங்கு வளையம். மீதி 72 பங்கு நடுவட்டமும் மூலைகளும். அதை வேறு வேலைக்குப் பயன்படுத்த முடியாவிட்டால் ஸ்கிராப்.

அதனால் பட்டறைக்காரர்கள் வளையத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பற்றவைப்பார்கள். எட்டுத் துண்டு என்றால் ஒவ்வொன்றும் 45 டிகிரி வில். துண்டுகளை அடுத்தடுத்து நெருக்கமாகத் தகட்டில் வரைந்தால் வீணாவது வெகுவாகக் குறையும். அங்கேயும் அதே விதி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு டிகிரி பிசகினால் எட்டாவது துண்டு வாயைப் பிளக்கும். ஒரே வித்தியாசம், காகிதத்தில் பிசகினால் மறுபடி மடிக்கலாம். இரும்பில் பிசகினால் மறுபடி வெட்ட வேண்டும், அந்த நஷ்டம் யார் தலையிலாவது விழும்.

குழாயை வளைக்காமல் துண்டுகளாக வெட்டி எல்போ செய்வதும் இதே கணக்குதான். நான்கு துண்டில் 90 டிகிரி எல்போ வேண்டுமென்றால் நடுவில் மூன்று இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் 30 டிகிரி திருப்ப வேண்டும். இரண்டு முகங்கள் சேருவதால் ஒவ்வொரு முகத்தையும் 15 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். அந்தச் சாய்வைக் குழாயின் மேல் எப்படிக் குறிப்பது? காகிதத்தில் வளைகோடு வரைந்து வெட்டி, குழாயைச் சுற்றிப் போர்த்தி, சாக்பீஸால் கோடு போடுவார்கள். ஐ.டி.ஐ.-யில் ஷீட் மெட்டல் பிரிவில் "டெவலப்மென்ட்" என்று சொல்லித் தருவது இதைத்தான். அதாவது இரும்பு வேலைக்கு முன்னால் காகித வேலை! மடிக்கும்போது கூட ஒற்றுமை உண்டு. காகித மடிப்பை நகத்தால் அழுத்தாவிட்டால் கொஞ்சம் திரும்பி எழும். தகடும் அப்படித்தான்; 90 டிகிரி வேண்டுமென்றால் கொஞ்சம் கூடுதலாக வளைத்தால்தான் விட்டதும் 90-க்கு வந்து நிற்கும்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த ஃபிட்டர், "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு திரிவார். பள்ளிக்கூடம் அவரை அப்படி நம்ப வைத்திருக்கிறது. அவருடைய பிள்ளையும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வளர்ந்தால் அது யாருடைய தவறு?

மதராஸில் வந்த புத்தகம்

"இதெல்லாம் ஜப்பான் சமாச்சாரம், நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்பவர்களுக்கு ஒரு தகவல். காகித மடிப்பை முறையான ஜியோமெட்ரியாக எழுதிய முன்னோடிப் புத்தகம் வெளிவந்தது டோக்கியோவில் இல்லை, சென்னையில். ஆண்டு 1893. எழுதியவர் டி. சுந்தர ராவ் என்ற அரசு அதிகாரி. வெளியிட்டது மதராஸ் அடிசன் அண்ட் கோ. "காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள்" என்பது அந்த ஆங்கிலப் புத்தகப் பெயரின் பொருள்.

ஜெர்மானியரான ஃபுரோபெல் உருவாக்கிய கிண்டர்கார்டன் முறையில் காகித மடிப்பும் ஒரு பயிற்சி. குழந்தைகளுக்கான அந்தப் பயிற்சியைப் பார்த்துத்தான் ராவுக்கு யோசனை பிறந்தது. சதுரத்தில் ஆரம்பித்து, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று போய், தொடர்களையும் நீள்வட்டம், பரவளையம் போன்ற வளைவுகளையும் மடிப்பிலேயே காட்டினார். கருவி என்று பார்த்தால் ஒரு பேனாக்கத்தியும் காகிதத் துண்டுகளும்தான். கணித உலகின் பெரிய பெயர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட, அமெரிக்கப் பேராசிரியர்களான பெமனும் ஸ்மித்தும் இதைத் திருத்திப் பதிப்பிக்க, 1901-ல் சிகாகோவில் ஓப்பன் கோர்ட் நிறுவனம் வெளியிட்டது. 1966-ல் டோவர் நிறுவனம் மறுபதிப்பு செய்தது. உலகம் முழுக்கக் காகித மடிப்புக் கணிதம் பேசுபவர்கள் இன்றும் ராவின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். சென்னைப் பள்ளிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ராவ் சொன்ன எல்லாமே சரி என்றும் இல்லை. கனமூலத்தை மடிப்பால் துல்லியமாகக் காண முடியாது என்ற தொனியில் அவர் எழுதியிருந்தார். 1936-ல் இத்தாலியப் பெண் கணிதவியலாளர் மார்கரிட்டா பெலோக், ஒரே மடிப்பில் இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளின் மேல் கொண்டுபோய் வைக்கும் முறையால் முப்படிச் சமன்பாட்டையே தீர்க்கலாம் என்று காட்டினார். அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து எல்லாக் கோணங்களையும் மூன்று சமபாகமாக்க முடியாது என்று 1837-ல் வான்ட்செல் நிரூபித்திருந்தார். ஆனால் மடிப்பால் அது முடியும். ஜப்பானியரான ஹிசாஷி அபே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதாவது காம்பஸ் பெட்டியால் முடியாததை ஒரு கிழிந்த தாள் செய்கிறது. இதைப் போய் "கிராஃப்ட்" என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்!

இன்னொரு சுவாரஸ்யம். அந்தப் புத்தகத்தை வெளியிட்ட அடிசன் பின்னாளில் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்குள் வந்தது. இன்று அது வெட்டுக்கருவிகள் தயாரிக்கும் நிறுவனம். காகிதத்தில் கணக்குச் சொல்லித்தந்த புத்தகத்தில் இருந்த பெயர் இன்று இரும்பில் ஓட்டை போடும் டிரில் பிட்டில் இருக்கிறது. காகிதமும் இரும்பும் சென்னையில் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்துக்கொண்டுவிட்டன. பள்ளிக்கூடம் மட்டும்தான் பாக்கி.

எதிர்ப்புகள்

முதல் எதிர்ப்பு நேரம். "சிலபஸ் முடிக்கவே நாள் போதல. இதுல பேப்பர் மடிக்க எங்க நேரம்?" நியாயமான கவலைதான். ஆசிரியர்கள் மேல் பழி போட்டுப் பயன் இல்லை. ஆனால் வெளிக்கோணம், சமச்சீர், சர்வசமம், பின்னம், பரப்பளவு எல்லாம் சிலபஸில் இருப்பவைதான். வளையம் சிலபஸுக்கு வெளியே இருக்கும் கூடுதல் சுமை அல்ல; அதே பாடத்தை நடத்த இன்னொரு வழி.

இரண்டாவது எதிர்ப்பு, "மடிச்சுப் பார்த்தா நிரூபணம் ஆயிடுமா?" ஆகாதுதான். எட்டுத் துண்டு மூடியதால் தேற்றம் நிரூபணமாகிவிடாது. காகிதத்துக்குத் தடிமன் உண்டு, கைக்கு நடுக்கம் உண்டு. ஆனால் நிரூபணம் எதற்கு என்ற கேள்வியே வராத பிள்ளைக்கு நிரூபணத்தைக் கொடுத்து என்ன பயன்? "எல்லார் வளையமும் எட்டுலதான் மூடுது, ஏன்?" என்று பிள்ளை கேட்ட பிறகு கரும்பலகையில் எழுதும் நிரூபணத்துக்கு மரியாதை வேறு. முதலில் கை, பிறகு கேள்வி, பிறகு நிரூபணம். இப்போது நடப்பது தலைகீழ்.

மூன்றாவது, "இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு." தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் ஆரம்பித்தது, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. 2022-ல் வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டமும் செயல்பாட்டை நம்புகிறது. ஆனால் எல்லாமே தொடக்கப் பள்ளியோடு சரி. ஆறாம் வகுப்புக்குப் போனதும் கையை மடியில் வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்க்க வேண்டும் என்றாகிவிடுகிறது. கணக்கு உண்மையில் கடினமாகும் இடத்தில்தான் கைக்கு வேலை நிறுத்தப்படுகிறது. இது விளையாட்டு என்பவர்களுக்கு இன்னொன்று: ஜப்பான் 1995-ல் ஏவிய செயற்கைக்கோள் ஒன்றில், கோர்யோ மியூரா என்ற விஞ்ஞானியின் மடிப்பு முறையில் சூரியத் தகடு மடித்து வைக்கப்பட்டு விண்வெளியில் விரிந்தது.

நான்காவது, "அதான் யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கே." இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வீடியோ "இப்படி மடி, இப்படிச் செருகு" என்று சொல்லும். "ஏழில் ஏன் மூடவில்லை?" என்று கேட்காது. கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆசிரியர். வீடியோ வந்ததால் ஆசிரியரின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

முயற்சிகள் இல்லாமலும் இல்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தந்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது; காகித மடிப்பும் அவர் கையாண்ட வழிகளில் ஒன்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் "துளிர்" இதழை நடத்திவருகிறது. அறிவியல் திருவிழாக்களில் காகித மடிப்பு வழக்கமான நிகழ்ச்சி. ஆனால் திருவிழா வருடத்துக்கு ஒரு நாள். சோறு தினமும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம், கமிட்டி, நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு கணக்கு பீரியட் போதும். நாற்பது பேர் கொண்ட வகுப்பு என்றால் எட்டு எட்டுப் பேராக ஐந்து குழு. ஐந்து ஏ4 தாள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு துண்டு மடிக்க வேண்டும். குழு சேர்ந்து ஒரு வளையம் கட்ட வேண்டும். இதில் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்ற பேதம் கிடையாது. நூறு மார்க் வாங்கும் பிள்ளையின் துண்டும் ஒரு எட்டில் ஒன்று, தேறாத பிள்ளையின் துண்டும் ஒரு எட்டில் ஒன்று. கடைசி பெஞ்சுப் பையனின் துண்டு இல்லாமல் வளையம் மூடாது! அவனது துண்டு பிசகியிருந்தால் மற்ற ஏழு பேரும் அவனுக்கு மடிக்கச் சொல்லித்தந்தே ஆக வேண்டும். பின்னத்தையும் சமத்துவத்தையும் ஒரே பீரியடில் நடத்திவிடலாம்.

இரண்டாவது, வருடத்தில் ஒரு நாளாவது பட்டறையில் வேலை செய்யும் ஓர் அப்பாவையோ மாமாவையோ வகுப்புக்கு அழைக்கலாம். மூலைமட்டம், குழாயில் போர்த்தும் காகித டெம்ப்ளேட் இரண்டையும் அவர் கொண்டுவரட்டும். எல்போவுக்கு ஏன் 15 டிகிரி என்று அவர் பாஷையில் சொல்லட்டும். அதையே ஆசிரியர் பாடப் புத்தக பாஷையில் பலகையில் எழுதட்டும். அந்த வகுப்பில் பிள்ளைகள் மட்டுமா கற்றுக்கொள்வார்கள்? "எனக்குக் கணக்கு வராது" என்று நம்பிக்கொண்டிருந்த அந்த அப்பாவும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்.

திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் இரும்புத் தொழிலுக்கே போக வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. அவர்கள் டாக்டராகட்டும், வக்கீலாகட்டும், கணிதப் பேராசிரியராகட்டும். ஆனால் சுற்றிலும் இவ்வளவு கணக்கு நடந்துகொண்டிருக்கும் ஓர் இடத்தில் வளர்ந்துவிட்டு, கணக்குப் பயத்தாலேயே படிப்பைப் பாதியில் விடும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. பட்டறைக்குப் போகும் பிள்ளை கூட, வேறு வழியில்லாமல் போகாமல், தன் வேலையின் கணக்குத் தெரிந்து போக வேண்டும். கணக்குத் தெரிந்தவன் டிராயிங் படிப்பான். டிராயிங் படிப்பவனுக்குக் கூலியும் வேறு, மரியாதையும் வேறு.

சுந்தர ராவின் புத்தகம் வந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கேட்டது ஒரு கத்தியும் சில காகிதத் துண்டுகளும்தான். அவை இரண்டும் எல்லாப் பள்ளியிலும் இருக்கின்றன. அடுத்த மாதம் ஏதாவது ஒரு வகுப்பில், ஏதாவது ஓர் ஆசிரியர், வீணான ஒரு தாளை எட்டாகக் கிழித்துக் கொடுத்து, "ஏழில் மூடுமா பாருங்கள்" என்று கேட்டால் போதும். மற்றதை வளையம் பார்த்துக்கொள்ளும்.